தியேட்டர் மலர்

குழாயை முழங்கையால் மூடிவிட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி ஜெபமலர் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருகிறார். விரல் நுனியிலிருந்து இறங்கும் தண்ணீர் முழங்கை வழியாகத் தரையில் சொட்டுகிறது. மீன் கழுவிய கைதான். துடைக்க முந்தானை இருக்கிறது, கதவில் துண்டும் தொங்குகிறது. ஆனாலும் யாரோ வந்து துணியை விரித்து நீட்டுவார்கள் என்பதுபோல் நிற்கிறார். கணவர் சத்தியதாஸ் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

"இஞ்ச ஆரும் துணி தர வரமாட்டாங்க. நீயே எடுத்துத் தொடச்சிக்க."

அப்போதுதான் அவர் தன் கைகளைப் பார்க்கிறார். "சே, மறந்து போச்சு" என்று இறக்குகிறார். திருவனந்தபுரம் நேமத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்த வாடகை வீட்டில் விடுமுறை நாள்தோறும் இது நடக்கிறது. தரையைத் துடைப்பதும் அவர்தான்.

நாற்பதைத் தாண்டிய உருவம். குள்ளம், கொஞ்சம் பருமன். தலைமுடியை இழுத்து வாரி, ஒரு மயிர்கூட வெளியே வராதபடி கொண்டை. வளையல் இல்லை, மோதிரம் இல்லை, நகம் ஒட்ட வெட்டியிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் மற்ற பெண்கள் அந்த வெறும் கையை ஒரு பார்வை பார்ப்பார்கள். மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் அவர் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அந்த வேலைக்குள் வரும்போதே அவருக்கு நாற்பது நெருங்கிவிட்டது. புதிதாக இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது வீட்டுக்காரி தங்கபாய், எங்கே வேலை என்று கேட்டிருக்கிறார். "தியேட்டர்ல" என்றார் ஜெபமலர். "இப்ப எந்தப் படம் ஓடுது?" என்று தங்கபாய் ஆவலாகக் கேட்டார். அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கு அவர் தியேட்டர் மலர்.

கோழிக்கடையில் அவருக்குப் பின்னால் நிற்பதற்கு அலுப்பாக இருக்கும். கடைக்காரர் அவசர அவசரமாக வெட்டும்போது, "மெதுவா, மெதுவா. அந்தப் பித்தப்பய உடைக்காம எடுங்க" என்று எட்டிப் பார்ப்பார். கடைக்காரர் சலித்துக்கொண்டே அதைத் தனியாக எடுத்துக் காட்டுவார். பச்சையாக, பளபளவென்று இருக்கும் அந்தப் பையை ஜெபமலர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் தன் துணிப்பையை நீட்டுவார். ஞாயிறு ஆராதனையில் போதகர், "உங்கள் இருதயத்தைத் திறந்து கொடுங்கள்" என்று உருகும்போது இவர் தலையைக் குனிந்துகொள்வார். ஜெபம் செய்கிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். சிரிப்பை அடக்குகிறார் என்பது சத்தியதாசுக்கு மட்டும் தெரியும்.

பாறசாலைக்குத் தெற்கே, எல்லையை ஒட்டிய ஓர் ஊரில் பிறந்தவர். பிளஸ் டூவில் அறிவியல் படித்தார், சுமாரான மார்க். அதற்கு மேல் படிக்க வைக்கும் எண்ணம் வீட்டில் யாருக்கும் இல்லை, அப்போது அவருக்குமே பெரிதாக இல்லை. கல்யாணம் முடிந்து திருவனந்தபுரம் வந்த பிறகு, ஆரியசாலையில் எவர்சில்வர் பாத்திர மொத்தக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். திருநெல்வேலிக்காரர் கடை. வருகிற சரக்கில் ஒடுங்கியது, ஓட்டை விழுந்தது, கனம் குறைந்தது எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துப் பிரித்து வைப்பது அவர் பொறுப்பு. காலை முதல் பூட்டும்வரை டங், டணார் என்று அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்தார். வேலை பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிடித்தது என்றும் அவர் சொல்வதில்லை. "போனேன், வந்தேன்" என்கிறார்.

அவர் மனதில் கிடந்தது வேறு ஒன்று. மகள் லிபி பிறந்தபோது வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்தார்கள். ஆள் விழித்துக்கொண்டே இருந்தார். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைத் திரைபோலக் கட்டியிருந்தார்கள். ஆனால் மேலே இருந்த பெரிய விளக்கின் பளபளப்பான விளிம்பை யாரும் கவனிக்கவில்லை. அதில் எல்லாம் தெரிந்தது. கோணலாக, சிறியதாக, ஆனால் தெளிவாக. சிவப்புக்குள் கைகள் போவதும், மஞ்சளாக ஏதோ விலகுவதும், ஒரு கறுத்த தலை மேலே வருவதும்.

"எல்லாரும் கேப்பாங்க, பயந்து போகல்லியா, பேடி வரல்லியான்னு. பேடியே வரல்ல. இது நானா, எனக்க உள்ள இதெல்லாமா இருக்குன்னு ஒரு இது. அந்த நர்சம்மா டாக்டர் கேக்கியதுக்கு முன்னாலயே கையில எடுத்துக் குடுக்காங்க. என்னத்தக் குடுக்காங்க, எதுக்குக் குடுக்காங்கன்னு தெரியணும் எனக்கு. கேக்க முடியுமா? வாயில மாஸ்க்."

பிள்ளை பிறந்த கதையைச் சொல்லும் எந்தத் தாயும் குழந்தையின் முகத்தில் தொடங்குவாள். ஜெபமலர் விளக்கில் தொடங்குவார். லிபிக்கு இந்தக் கதை சிறு வயதில் பிடிக்கும். பிறகு பிடிக்காமல் போயிற்று.

கடையில் பல வருடம் ஓடியது. ஒருநாள், பாத்திரம் சுற்றிவந்த பழைய செய்தித்தாளில் நர்சிங் பள்ளி விளம்பரம் ஒன்றைப் பார்த்தார். மார்த்தாண்டம் பக்கம் இருந்த பள்ளி. வயது வரம்பு முப்பத்தைந்து என்று போட்டிருந்தது. அவருக்கு அடுத்த வருடம் முப்பத்தைந்து. அந்தத் தாளை வைத்து எந்தப் பாத்திரத்தையும் சுற்றவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

சத்தியதாசுக்கு மைக் செட், மேடை விளக்கு வாடகைக்கு விடும் தொழில். பெருங்கூச்சல்களுக்கு நடுவே பிழைப்பவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார். மனைவி விஷயத்தைச் சொன்னபோது கேட்டுக்கொண்டார். கன்வென்ஷன் பந்தலில் விளக்குக் கட்டப் போனார், வந்தார், சாப்பிட்டார். ஒரு வாரம் கழித்து, கைகழுவிக்கொண்டே, "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு ஊரு சொல்லும்" என்றார்.

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"நான் என்ன சொல்ல? கேக்கியதுக்கு முன்னாலயே துணி எடுத்து வச்சுட்ட. பாத்தேன், பெட்டிய. போ. ஆனா பிள்ளைட்ட நீதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

லிபி அப்போது மூன்றாம் வகுப்பு. காலையில் தலை பின்னிக்கொண்டே சொன்னார் ஜெபமலர். அம்மாவும் பள்ளிக்கூடம் போகப் போகிறேன், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும், சனிக்கிழமை வருவேன். பிள்ளை பின்னலை அசைக்காமல் கேட்டாள், "எத்தன சனிக்கிழம?" ஜெபமலர் பின்னிக்கொண்டே போனார். "மூணு வருஷம்" என்று சொன்னபோது பின்னல் முடிந்திருந்தது. அடுத்த நாள் காலையில் லிபி சீப்பை எடுத்துக்கொண்டு அத்தை அம்மிணியிடம் போய் உட்கார்ந்தாள். சத்தியதாசின் அக்கா அம்மிணி. கணவர் இறந்த பிறகு தம்பியுடனேயே இருப்பவர். அதன் பிறகு அவள் தலையை ஜெபமலர் பின்னியதில்லை.

நர்சிங் பள்ளி நேர்முகத்தில் வரிசையாகப் பதினெட்டு வயதுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டபோது ஒருத்தி சேவை என்றாள், ஒருத்தி கர்த்தரின் அழைப்பு என்றாள், ஒருத்தி பாட்டி ஆசுபத்திரியில் கிடந்ததைச் சொல்லி அழுதாள். இவர் முறை வந்தது. முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வீட்டில பிள்ளைய விட்டுட்டு இந்த வயசில எதுக்கு?" என்று கேட்டார்.

"மேடம், எனக்கு உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

"எதுக்கு உள்ள?"

"மனுசனுக்க உள்ள."

முதல்வர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். இடம் கிடைத்தது. பயிற்சியில் மாணவிகள் அவரை முதலில் ஆன்ட்டி என்றார்கள், பிறகு அக்கா என்றார்கள், தேர்வுக்கு முன்தினம் இரத்த ஓட்டப் படம் வரைந்து தரச் சொல்லிச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவருக்குப் படிப்பு சிரமமாகவே இருந்தது. மருந்துப் பெயர்கள் ஒட்டவே இல்லை. ஒரு பாடத்தில் தோற்று மறுபடி எழுதினார். உடற்கூறு மட்டும் தானாக ஏறியது.

மூன்றாவது வருடத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் உளுந்தங்களி பாத்திரம் இருந்தது. நல்லெண்ணெய் வாடை. யாருக்கு என்று கேட்டார். அம்மிணி உள்ளறையைக் காட்டினார். லிபி பாயில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். வயதுக்கு வந்து நான்கு நாளாகியிருந்தது. விடுதிக்கு ஃபோன் உண்டு.

"எனக்கு ஏன் மக்ளே சொல்லல்ல?"

"அத்தைட்ட சொன்னேன். அம்ம இல்லல்லோ" என்றாள் லிபி. கோபமாக இல்லை, நேரம் கேட்டால் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் மலையாளம், தெருவில் மலையாளம், வீட்டில் தமிழ் என்று இருந்த பிள்ளை, அந்த வருடத்தில் அம்மாவிடமும் மலையாளத்தில் பதில் சொல்லத் தொடங்கினாள். மரியாதையாக, சுருக்கமாக. ஜெபமலர் தமிழில் கேட்பார், அவள் மலையாளத்தில் வேண்டாம் என்பாள். படித்து முடித்துத் திரும்பி வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். வந்தார், சரியாகவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில், இரண்டு மொழியில் சாப்பிட்டு எழுந்தார்கள்.

மருத்துவமனையில் முதலில் வார்டுதான். வார்டில் அவர் நல்ல நர்ஸ் என்று யாரும் சொல்லவில்லை. ஊசி வலிக்காமல் போடுவார், நேரம் தவறமாட்டார். ஆனால் நோயாளி அழுதால் அவருக்குக் கை கால் ஓடாது. மற்ற நர்சுகள் கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்து ஏதேதோ சொல்லித் தேற்றுவார்கள். இவர் கட்டில் ஓரம் நின்று, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்பார். ஒருமுறை, நாளை கால் எடுக்கப் போகிற ஒருவரிடமே அப்படிச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் அழுகையை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். அந்தப் பார்வை மறக்கவில்லை என்கிறார்.

"எனக்கு அது வராது. சிலருக்குப் பாட்டு வராதுல்லியா, அது போல."

தியேட்டருக்கு மாற்றக் கேட்டு நர்சிங் சூப்பிரண்டிடம் போனார். அங்கே எடுப்பதெல்லாம் படிப்பு முடித்த கையோடு வரும் பிள்ளைகளை. நின்றே வேலை பார்க்க வேண்டும், கண் கூர்மையாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் அவர். இவர் மறுபடி போனார். அதன் பிறகும் போனார். கடைசியில், இந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு வரட்டும் என்று ஒரு மாதம் போட்டுப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார் சூப்பிரண்டு.

ஆக, வருடக்கணக்காக ஆசைப்பட்டு, பிள்ளையை விட்டு, தோற்று, படித்து, கெஞ்சி ஒருவழியாக உள்ளே போன ஜெபமலர் முதல் நாளே மயங்கி விழுந்தார். இரத்தத்தைப் பார்த்து அல்ல. இரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் கருவியிலிருந்து புகை வரும். அதில் முடி பொசுங்கும் வாடை இருக்கும். விளக்கில் பார்த்தபோது வாடை தெரியவில்லை. "விழுந்தது நான்தான்னு எனக்குத் தெரியல்ல. பேசின் விழுந்த சத்தம் மட்டும் கேட்டுது. கனம் கொறஞ்ச ஸ்டீலு, இத எவன் வாங்குனான்னு நெனச்சேன். அதோட போச்சு."

கண் விழித்தபோது தியேட்டர் பொறுப்பாளர் ஸ்மிதா குனிந்து நின்றார். ஸ்மிதா அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்; கொல்லம்காரி; சிரித்தால் நல்லவர், ஆனால் தியேட்டருக்குள் சிரிப்பதில்லை. "சேச்சி, ராவிலே ஒன்னும் கழிக்காதெ வரருது, கேட்டோ" என்றார். காலையில் எதுவும் சாப்பிடாமல் வரக்கூடாதாம். அவ்வளவுதான். திருப்பி வார்டுக்குப் போ என்று சொல்லவில்லை. அடுத்த நாள் ஜெபமலர் புட்டும் பயறும் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போனார். மூக்குக்குக் கீழே கொஞ்சம் தைலம் தடவிக்கொண்டார். நின்றார்.

ஸ்மிதா சொல்லிக்கொடுத்த விதம் கடுமையானது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, கிருமி நீக்கிய துணிக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், கை எப்போதும் எந்த உயரத்தில் இருக்க வேண்டும். தவறினால் எல்லார் முன்னாலும், "சேச்சி, அவுட்" என்பார். அப்படியென்றால் வெளியே போய், கை கழுவுவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். வீட்டில் பழகுவதற்குக் கரண்டி, இடுக்கி, கத்தரிக்கோல், தேங்காய்த் துருவியின் கைப்பிடி எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொள்வார். சத்தியதாஸ் கண்ணை மூடி, கையை நீட்டி, "கத்தரி... இடுக்கி..." என்று சொல்ல வேண்டும். உள்ளங்கையில் அழுத்தி வைக்க வேண்டும், வாங்குபவர் பார்க்காமலே பிடிக்கும்படி. லிபி தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

இப்போது அவருக்கு அங்கே இடம் நிலைத்துவிட்டது. பெரிய பேரொன்றும் இல்லை. அறுவை மருத்துவர்களில் சிலர் அவரைக் கேட்டு வாங்குவார்கள், சிலருக்கு வேகமான இளம் பிள்ளைகள்தான் வேண்டும். ஹரிஷங்கர் என்ற மருத்துவர் முதல் வகை. வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். தியேட்டரில் மற்ற எல்லாரிடமும் மலையாளமும் ஆங்கிலமும் பேசுவார். ஜெபமலரிடம் மட்டும் தன் வீட்டுத் தமிழ். "மலர், பார்க்கறேளா? கல்லைப் பாருங்கோ, முத்து மாதிரி" என்று எடுத்ததைத் தட்டில் போட்டுக் காட்டுவார். ஜெபமலர் எட்டிப் பார்ப்பார். எத்தனை பார்த்தாலும் அவருக்கு அலுப்பதில்லை. மற்ற நர்சுகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும் நேரம் அது.

போன வருடம், ஓணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, லிபிக்கு வயிற்றுவலி வந்தது. அவள் கல்லூரியில் பி.காம் இரண்டாம் வருடம். முதலில் தொப்புளைச் சுற்றி வலித்தது. அம்மிணி சீரகத் தண்ணீர் கொடுத்தார். மதியத்துக்குள் வலி வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கியது. ஜெபமலர் வேலையிலிருந்து திரும்பி வந்து, கேட்காமலே அவள் சட்டையைத் தூக்கி வயிற்றில் கை வைத்து அழுத்தினார். அழுத்தியபோது அவள் பொறுத்துக்கொண்டாள். கையை எடுத்ததும் அலறினாள். ஜெபமலர் எழுந்து சத்தியதாசிடம், "வண்டிய எடுங்க" என்றார்.

குடல்வால் வீங்கிவிட்டது, இன்றே எடுத்துவிட வேண்டும் என்றார் ஹரிஷங்கர். காலையிலிருந்து விட்டுவிட்டு இருமிக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சில் சளியும் இருந்ததால், முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டு, வயிற்றைத் திறந்தே எடுத்துவிடலாம் என்று மயக்க மருத்துவரும் அவரும் பேசி முடிவு செய்தார்கள். பிறகு ஜெபமலர் பக்கம் திரும்பினார்.

"உங்க பொண்ணாச்சே, மலர். நீங்க இன்னிக்கு ஸ்க்ரப் பண்ணி உள்ளே வர வேண்டாம். வெளியிலே உக்காந்துக்கோங்கோ."

"அது எனக்கும் தெரியும் சார்" என்றார் ஜெபமலர். சொந்த இரத்தம் மேசையில் இருக்கும்போது கையில் கருவி எடுக்கக்கூடாது. வேறு யார் கேட்டிருந்தாலும் அவரே அதைத்தான் சொல்லியிருப்பார்.

தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. வீட்டார் அதுவரைதான். தள்ளுவண்டி அங்கே வந்ததும் ஜெபமலர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். பின்னால் சத்தியதாஸ், செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். லிபி தலையைத் திருப்பித் தமிழில் கேட்டாள்.

"அம்மா எங்க போற?"

"இங்கதான் மக்ளே. வெளிய இருப்பேன்."

"வெளியயா?" வலியில் அவள் உதடு வறண்டிருந்தது. "ஊர்ல உள்ள எல்லாருக்கும் உள்ள நிப்ப. எனக்கு மட்டும் வெளியயா?"

தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்த ஹரிஷங்கர் நின்று, திரும்பி வந்தார். லிபியை ஒரு தரம் பார்த்தார், அம்மாவை ஒரு தரம் பார்த்தார்.

"சரி. தலைமாட்டிலே நின்னுக்கோங்கோ. கீழே வரப்படாது."

உடை மாற்றி உள்ளே வந்த ஜெபமலருக்கு, பழகிய அந்த அறையில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. அவருடைய இடத்தில் ஸ்மிதா கை உயர்த்தி நின்றார். கருவிகள் எல்லாம் அடுக்கியாகிவிட்டன. ஒன்று கொஞ்சம் கோணலாக இருப்பதுபோலத் தோன்றியது. பேசாமல் இருந்தார். மயக்க மருத்துவர், பிள்ளையை உட்காரவைத்து வளைத்துப் பிடிக்கச் சொன்னார். முதுகெலும்பு விரிய, நோயாளி குனிந்து உட்கார வேண்டும். முன்னால் ஒருவர் அணைத்துப் பிடித்தால்தான் ஆடாமல் இருப்பார்கள். லிபியின் நெற்றி அவர் தோளில் வந்து அழுந்தியது. அவளை இப்படிப் பிடித்து எத்தனை காலமாயிற்று என்று நினைக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. "அனங்ஙருது" என்றார் மயக்க மருத்துவர், அசையாதே என்று. ஊசி இறங்கும்வரை இருவருமே அசையவில்லை.

படுக்க வைத்தார்கள். கால் சூடாகிறது, பிறகு கனக்கிறது, பிறகு இல்லை என்றாள் லிபி. முகத்துக்கு முன்னால் திரை வந்தது. அவள் கண்கள் அங்கும் இங்கும் ஓடின.

"ஒண்ணும் இல்ல மக்ளே" என்றார் ஜெபமலர்.

"ஒண்ணும் இல்லன்னா எதுக்கு இவ்வளவு பேரு?"

ஸ்மிதாவின் முகமூடி லேசாக அசைந்தது. ஜெபமலருக்கு முகம் சூடேறியது. வார்டில் கட்டில் ஓரம் நின்ற அதே நிலைமைதான், ஆனால் இங்கிருந்து வேறு இடத்துக்கு மாற்றல் கேட்க முடியாது. திரைக்கு அப்பால் துணி விரிக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, இப்ப என்ன செய்யுதாங்க?"

"துணி விரிக்காங்க. நாலு பக்கமும். நடுவுல உள்ளங்கை அளவுதான் வெளிய தெரியும்."

"பொறவு?"

"மருந்து தடவியாச்சு. இப்ப... இப்ப தோலத் திறந்தாச்சு."

"திறந்தாச்சா? எனக்குத் தெரியல்லியே!"

"தெரியாது. அதுக்குதான் ஊசி." அவருக்கே தெரியாமல் குரல் நிதானப்பட்டிருந்தது. "தோலுக்குக் கீழ கொழுப்பு இருக்கும். மஞ்சளா. நீ மெலிஞ்ச ஆளு, உனக்குக் கொஞ்சம்தான். அதுக்குக் கீழ ஒரு வெள்ளப் படலம், நல்ல பலமா இருக்கும். அதுக்கப்புறம் தச. தசய வெட்டமாட்டாங்க. நார் போற வழிக்கு விலக்குவாங்க, திரைய விலக்கியது போல. அப்பதான் சீக்கிரம் சேரும்."

"இந்த வாடை என்னது?"

"சின்னச் சின்ன இரத்தக் குழாயச் சுட்டு அடைக்காங்க. எனக்கும் பிடிக்காது. வாயால மூச்சு எடு."

லிபி வாயால் மூச்சு எடுத்தாள். ஹரிஷங்கர் ஏதோ கேட்டார், ஸ்மிதா கொடுத்தார், உலோகம் உலோகத்தில் படும் சத்தம் வந்தது. ஜெபமலர் திரைக்கு மேலே எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அவர் உயரத்துக்கு நுனிக்காலில் நின்றாலே போதும். சத்தத்தை வைத்தும் கேட்கும் கருவியை வைத்தும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப வயித்துக்குள்ள இருந்து ஆரோ இழுக்கியது போல இருக்கும். ஓக்காளம் வரும். அது குடலப் பிடிச்சு வெளிய எடுக்கியதுனால. வலி இல்ல, இழுப்புதான். ரெண்டு நிமிசம்."

வந்தது. லிபி கண்ணை இறுக்க மூடினாள். அவள் கை பக்கப் பலகையிலிருந்து எழுந்து எதையோ தேடியது. ஜெபமலர் அதைப் பிடித்தார்.

"நிஜமாவே இழுக்குது."

"ம்."

"நீ சொன்னது போலவே இருக்கு."

"ம். பேசாம மூச்சு எடு."

பிறகு ஹரிஷங்கரின் குரல் இளகி வந்தது. "ஆச்சு. வெடிக்கலே. நல்ல வேளை, சமயத்துக்குக் கொண்டு வந்தேள்." தட்டில் ஏதோ மெத்தென்று விழுந்தது. வழக்கம்போல அவர் திரும்பினார். "மலர், பார்க்கறேளா?"

ஜெபமலர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. இத்தனை வருடத்தில் அவர் வேண்டாம் என்று சொன்னதை ஸ்மிதா அன்றுதான் பார்த்தார்.

"எனக்குப் பாக்கணும்" என்றது திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

மயக்க மருத்துவர் சிரித்துவிட்டார். ஹரிஷங்கர் தையலுக்குக் கை நீட்டியபடி, "அம்மா கையிலே குடுங்கோ" என்றார். உதவிக்கு நின்ற நர்ஸ் தட்டைத் தலைமாட்டுக்குக் கொண்டு வந்தார். விரல் நீளத்தில், சிவந்து வீங்கி, நுனி கறுத்துக் கிடந்தது. ஜெபமலர் கையுறை போட்டுக்கொண்டு தட்டை வாங்கினார். ஒரு துண்டுப் பஞ்சால் விளிம்பில் இருந்த இரத்தத்தைச் சுற்றித் துடைத்தார். பிறகு, கிடந்த நிலையிலேயே மகள் பார்க்க வாகாக, அதை அவள் கண்ணுக்கு நேரே சாய்த்துப் பிடித்தார்.